படித்தே ஆக வேண்டியவையும் படித்தால் நல்லவையும்

கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்கிறீர்கள். விரலை வைத்ததும் கணக்கில் எவ்வளவு வெள்ளி மிச்சமிருக்கிறது என்று தெரிகிறது. அந்த ஓரிரு விநாடிகளுக்குள் உங்கள் கைப்பேசியும் எங்கோ இருக்கும் வங்கியின் கணினியும் பேசிக்கொள்கின்றன. எதிரில் இருப்பது உண்மையான வங்கிதானா என்று கைப்பேசி சோதிக்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து ஓர் இரகசியச் சாவியை உருவாக்கி, அதைக் கொண்டு உங்கள் விவரங்களைப் பூட்டி அனுப்புகின்றன.

இவை எந்த வரிசையில் நடக்க வேண்டும், எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நெறிமுறை ஆவணம் என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்ட ஆவணங்களைப் படித்து, அவற்றின்படி மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. கைப்பேசியால் திறக்கும் கதவுப் பூட்டுகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை.

இந்த ஆவணங்களின் கடைசிப் பக்கங்களில் மேற்கோள் பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் அங்கு வரும்போது ஆவணம் முடிந்துவிட்டது என்று மூடிவிடுவார்கள். ஆனால், எங்கள் தொழிலில் மிகக் காரசாரமான வாக்குவாதங்கள் சில அந்தப் பக்கங்களைப் பற்றித்தான் நடக்கின்றன. ஒரு மேற்கோளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. கேட்க அற்பமாகத் தோன்றும். அது அற்பமல்ல என்று எனக்கு ஒரு மருந்து அலமாரி கற்றுக்கொடுத்தது.

இரண்டு பட்டியல்கள்

இணையத்தின் அடிப்படை விதிகளை எழுதும் அமைப்புகளில் முக்கியமானது ‘ஐஇடிஎஃப்’ எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு. 1986 முதல் இயங்குகிறது. அது வெளியிடும் ஆவணங்கள் ‘ஆர்எஃப்சி’ வரிசையில் எண்ணிடப்பட்டு வருகின்றன. அந்த வரிசை பணிக்குழுவைவிட மூத்தது. முதல் ஆர்எஃப்சி 1969 ஏப்ரலில் வெளிவந்தது. இன்று வங்கித் தளங்களும் கடைத் தளங்களும் பயன்படுத்தும் ‘டிஎல்எஸ் 1.3’ என்ற பாதுகாப்பு நெறிமுறை, 2018 ஆகஸ்டில் வெளியான 8446-ஆவது ஆர்எஃப்சி. மொத்தம் 160 பக்கங்கள்.

இத்தகைய ஆவணம் எதுவும் தனியாக நிற்பதில்லை. மறையாக்கம் செய்யும் முறை ஓர் ஆவணத்தில் இருக்கும், மின்கையொப்பம் இடும் முறை இன்னொன்றில் இருக்கும், சான்றிதழின் அமைப்பு மூன்றாவதில் இருக்கும். அத்தனையையும் திரும்ப எழுதாமல் “அங்கே பார்த்துக்கொள்க” என்று கைகாட்டிவிடுவார்கள். அப்படிக் கைகாட்டும் ஆவணங்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி.

முதலாவது ‘நார்மேட்டிவ்’ பட்டியல். கட்டாய மேற்கோள் என்று சொல்லலாம். இரண்டாவது ‘இன்ஃபர்மேட்டிவ்’. தகவல் மேற்கோள். பணிக்குழுவின் வழிநடத்தும் குழு 2006-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. புதிய ஆவணத்தில் உள்ள நுட்பத்தைப் புரிந்துகொள்ளவோ செய்துபார்க்கவோ எதைப் படித்தே ஆக வேண்டுமோ, அந்த நுட்பம் வேலை செய்ய எது இருந்தே ஆக வேண்டுமோ, அது கட்டாய மேற்கோள். மற்றவை கூடுதல் தகவல் தருபவை. விருப்பமிருந்தால் மட்டும் செய்யலாம் என்று விட்ட ஒரு வசதிக்கும் இந்த விதி பொருந்தும். அந்த வசதியைச் செய்யப்போகிறவர் படித்தே ஆக வேண்டிய ஆவணம் என்றால், அதுவும் கட்டாயப் பட்டியலுக்குத்தான் போக வேண்டும்.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் எல்லாம் ‘வேலை செய்ய’ என்ற சொல்லில் இருக்கிறது.

பூட்டு வேலை செய்கிறதா?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதியோர் இல்லத்துக்கு மருந்து அலமாரிப் பூட்டுகள் செய்து கொடுக்கும் பணி எங்களுக்குக் கிடைத்தது. தாதியர் தங்கள் கைப்பேசியைக் காட்டினால் மட்டுமே அலமாரி திறக்க வேண்டும். யார், எப்போது திறந்தார் என்ற பதிவும் இருக்க வேண்டும். பூட்டுக்குள் இருக்கும் மின்னணுப் பகுதியை ஒரு வெளிநாட்டு நிறுவனம் செய்து அனுப்பியது. ஒரு தொழில்துறைக் கூட்டமைப்பின் நெறிமுறை ஆவணத்தைப் பின்பற்றி அவர்கள் செய்திருந்தார்கள். சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறியது. பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, பதிவு விழுந்தது.

எங்கள் குழுவில் ஈப்போக்காரர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். தினமும் ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருவார். சோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது.

“தம்பி, தொறக்குது, மூடுது. அதனால பூட்டு வேலை செய்யுதுன்னு சொல்லிடலாமா? எந்தச் சாவி போட்டாலும் தொறக்கிற பூட்டுகூட அதைத்தானே செய்யும்?”

பிறகு அவர் ஒரு வேலை வைத்தார். கருவியின் மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி கொடுத்து, அது போடும் முதல் கையொப்பத்தை எழுதிவைக்க வேண்டும். மறுபடி துண்டிக்க வேண்டும். இப்படி ஐம்பது முறை. நானும் இன்னோர் இளையரும் மதிய உணவுக்குப் போகாமல் செய்தோம். அந்த மின்கையொப்பம் இரண்டு பாதிகள் கொண்டது. ஐம்பது கையொப்பங்களில் ஏழில் முதல் பாதி ஒன்றுபோலவே இருந்தது.

அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஏன் என்று எளிமையாகச் சொல்கிறேன். ‘ஈசிடிஎஸ்ஏ’ என்ற கையொப்ப முறையில், ஒவ்வொரு முறை கையொப்பம் இடும்போதும் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு புதிய எண்ணைக் கருவி தனக்குள் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த எண் வெளியே தெரியக்கூடாது, திரும்ப வரவும் கூடாது. கையொப்பத்தின் முதல் பாதி அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு முதல் பாதி ஒன்றாக இருந்தால், எண் திரும்ப வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் கள்வனுக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. இரண்டு சமன்பாடுகள், தெரியாத இரண்டு எண்கள். உயர்நிலைப் பள்ளியில் நாம் எல்லாரும் போட்ட கணக்குதான். விடையாகக் கருவியின் இரகசியச் சாவியே வந்துவிடும்.

இது எங்கள் கற்பனைப் பயமல்ல. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு கணினி மாநாட்டில், சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கான மென்பொருள்களில் இருந்த கையொப்பங்களை ஒரு குழு ஆராய்ந்து காட்டியது. மாற வேண்டிய எண் மாறாமல் அப்படியே இருந்தது. சாவி வெளியே வந்துவிட்டது. அதுவரை அந்தக் கையொப்பங்கள் எல்லாம் சரிபார்ப்பில் முறையாகத் தேறிக்கொண்டுதான் இருந்தன. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் ரேண்டம் எண் உருவாக்கத்தில் இருந்த குறையால் பிட்காயின் பணப்பைகள் சில காலியானதற்கும் இதே காரணம்தான்.

இதற்கு மருந்து உண்டு. அதே 2013 ஆகஸ்டில் வெளியான 6979-ஆவது ஆர்எஃப்சி, அந்த எண்ணைக் குருட்டுவாக்கில் தேடாமல், சாவியையும் செய்தியையும் வைத்தே கணக்கிட்டு எடுக்கும் வழியைச் சொல்கிறது. செய்தி மாறினால் எண்ணும் மாறும். கருவியின் ரேண்டம் எண் உருவாக்கம் மோசமாக இருந்தாலும் சாவி தப்பிக்கும்.

கருவியைச் செய்த நிறுவனத்துக்கு எழுதினோம். மூன்றாம் நாள் அவர்களுடைய பொறியாளர் பதில் அனுப்பினார். மரியாதையான கடிதம். கூட்டமைப்பின் ஆவணத்தில் 6979 இருப்பது உண்மைதான், ஆனால் அது தகவல் மேற்கோள் பட்டியலில் இருக்கிறது, கட்டாயப் பட்டியலில் இருந்த ஒவ்வோர் ஆவணத்தையும் வரி விடாமல் பின்பற்றியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. படித்தே ஆக வேண்டும் என்று சொல்லப்பட்டதையெல்லாம் அவர் படித்திருந்தார். ஆவணத்தை எழுதியவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் எதிர்த்தரப்புக்கு, அந்த எண் எப்படி வந்தது என்று தெரியவே தெரியாது. எப்படி உருவாக்கியிருந்தாலும் சரிபார்ப்பு தேறும். இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள 6979 தேவையில்லை. ஆகவே ‘வேலை செய்ய’த் தேவையில்லை. ஆகவே தகவல் மேற்கோள். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. முடிவில் நிற்பதோ, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய மருந்து அலமாரி.

சாதாரண நெறிமுறைகளில் இரு கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொண்டால் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். பாதுகாப்பு நெறிமுறைகளில் அது போதாது. உள்ளே வரக்கூடாதவர் வெளியே நிற்பதும் வேலையின் ஒரு பகுதி. அந்தப் பகுதியை எந்தச் சாதாரணச் சோதனையும் காட்டாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அக்காவா, சித்தியா?

பட்டியல் பிரிப்பதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆர்எஃப்சி ஆவணங்களுக்கே தகுதிநிலைகள் இருக்கின்றன. சில தரநிலைத் தடத்தில் வருபவை. சில ‘இன்ஃபர்மேஷனல்’, அதாவது தகவலுக்காக வெளியிடப்பட்டவை. பெயர் ஒத்திருப்பதால், தகவல் ஆவணம் என்றால் தகவல் மேற்கோள் பட்டியலில்தான் இருக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

என் அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இணையப் பாதுகாப்பு படிக்கிறாள். ஒரு நாள் டிஎல்எஸ் 1.3 ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாமா, ‘எச்மேக்’ பத்தின 2104 வெறும் தகவல் ஆவணம்னு மேலேயே போட்டிருக்கு. ஆனா இதுல கட்டாயப் பட்டியல்ல இருக்கே. தப்பா போட்டுட்டாங்களா?”

“உங்கம்மா உனக்கு யாரு?”

“அம்மா.”

“எனக்கு?”

“அக்கா.”

“உங்க சித்தப்பாவுக்கு?”

“அண்ணி. என்ன மாமா, குடும்ப மரம் வரையவா?”

அவள் சிரித்தாலும் விஷயம் அதுதான். அக்கா என்பது அவரோடு பிறந்த அடையாளமல்ல, என்னைப் பொறுத்த உறவு. கட்டாய மேற்கோளும் அப்படித்தான். 1997 பிப்ரவரியில் வெளியான 2104, செய்தியில் யாரும் கை வைக்கவில்லை என்று உறுதிசெய்யும் ஒரு முறையை விளக்கும் தகவல் ஆவணம். அது அதன் தகுதிநிலை. ஆனால், டிஎல்எஸ் 1.3 தன் சாவிகளை உருவாக்குவதே அந்த முறையை வைத்துத்தான். அதைப் படிக்காமல் அந்த நெறிமுறையைச் செய்ய முடியாது. ஆகவே டிஎல்எஸ்ஸுக்கு அது கட்டாயம். நாளை வேறோர் ஆவணம் அதை வரலாற்றுக்காக மட்டும் குறிப்பிட்டால், அங்கே அது தகவல் மேற்கோள்.

தரநிலைத் தடத்தில் உள்ள ஆவணம், தன்னைவிடக் கீழ்த்தகுதியில் இருப்பதைக் கட்டாயமாகச் சுட்டினால், பொறியாளர்கள் அதை ‘டவுன்ரெஃப்’ என்பார்கள். கீழ்நோக்கிய மேற்கோள். அதற்குத் தடை இல்லை. 2004-இல் வெளியான 3967-ஆவது ஆர்எஃப்சி அதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. இறுதிக் கருத்துக்கேட்பு அறிவிப்பில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம். 2017-இல் இந்த நடைமுறை கொஞ்சம் தளர்த்தப்பட்டது.

சபலம் வருவது இங்கேதான். அறிவிப்பு, கேள்வி, பதில் என்று அலைவதைவிட, அந்த மேற்கோளைச் சத்தமில்லாமல் தகவல் பட்டியலுக்கு நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஓர் ஆவணம் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதன் விலையைப் பல ஆண்டுகள் கழித்து, எழுதியவரை அறியாத ஒருவர், அவரும் அறியாத ஒரு முதியோர் இல்லத்துக்காகக் கொடுக்க நேரும்.

எல்லாம் கட்டாயம் என்றால்?

அப்படியானால் எல்லாவற்றையும் கட்டாயப் பட்டியலில் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். நானும் அந்த மருந்து அலமாரிக்குப் பிறகு கொஞ்ச காலம் அப்படித்தான் வாதாடினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

“வீட்டுல எல்லாக் கதவுலயும் ‘ஆபத்து’ன்னு எழுதி ஒட்டுனா, எந்தக் கதவுல கரண்டு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

அவர் சொன்னதற்கு நடைமுறைச் சான்றும் இருக்கிறது. கட்டாய மேற்கோளாகச் சுட்டப்படும் ஆவணம் இன்னும் வரைவாகவே இருந்தால், அது முடியும்வரை சுட்டும் ஆவணமும் வெளிவர முடியாது. வரிசையில் காத்திருக்க வேண்டும். உலாவியிலேயே காணொளி அழைப்பு பேச உதவும் ‘வெப்ஆர்டிசி’ ஆவணங்கள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அவை ஒன்றையொன்று கட்டாயமாகச் சுட்டிக்கொண்டு, கூட்டுக் குடும்பம் வாசலில் நிற்பதுபோல ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றன. சில ஆவணங்கள் எழுதி முடிந்தும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. கடைசியில் 2021 ஜனவரியில் அந்தக் கூட்டம் மொத்தமாக வெளிவந்தது. அதற்குள் கொவிட்-19 வந்து, நாம் எல்லாரும் வீட்டிலிருந்தபடியே அந்த நுட்பத்தில் பேசித் தீர்த்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில் நியாயம் இருக்கிறது. கட்டாயம் படி என்று சொல்லிவிட்டு, படிக்க வேண்டியதைக் கையில் கொடுக்காமல் இருக்க முடியாதல்லவா? ஆனால், உண்மையில் தேவையில்லாத ஒன்றைக் கட்டாயமாக்கினால், அந்தத் தாமதம் வீண். படிப்பவரின் நேரமும் வீண். கட்டாயப் பட்டியலில் அறுபது ஆவணங்கள் இருந்தால், மாதக் கடைசியில் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய பொறியாளர் எதைப் படிப்பார்? தானே பத்தைத் தேர்ந்தெடுப்பார். எழுதியவர்கள் செய்ய வேண்டிய தேர்வை, விஷயம் குறைவாகத் தெரிந்த ஒருவர் களைத்துப்போன மூளையோடு செய்வார்.

அறிவுரையைக் குறைப்பதும் ஓர் அறிவுரை

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை எது என்று டிஎல்எஸ்ஸின் வரலாற்றைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

1998-இல் டேனியல் பிளைக்கன்பாக்கர் என்ற ஆய்வாளர் ஒரு தாக்குதல் முறையை வெளியிட்டார். அன்றைய நெறிமுறையில், பூட்டி அனுப்பிய செய்தியின் அமைப்பு சரியில்லை என்றால் வழங்கிக் கணினி பிழை என்று பதில் சொல்லும். அந்தப் பதில்தான் ஓட்டை. வேண்டுமென்றே திரிக்கப்பட்ட செய்திகளை இலட்சக்கணக்கில் அனுப்பி, எதற்குப் பிழை வருகிறது, எதற்கு வரவில்லை என்று கவனித்தே இரகசியத்தை வெளியே எடுத்துவிடலாம்.

2008-இல் வந்த டிஎல்எஸ் 1.2 ஆவணம் இதை எப்படிக் கையாண்டது தெரியுமா? ஆய்வுக் கட்டுரை தகவல் மேற்கோளாக இருந்தது. ஆனால், என்ன செய்ய வேண்டும் என்பது ஆவணத்தின் உடலுக்குள்ளேயே, படிப்படியாக, கட்டாயச் சொற்களோடு எழுதப்பட்டிருந்தது. கட்டுரையைத் தேடிப் படிக்காதவரும் சரியாகச் செய்ய முடியும். ஏன் என்று அறிய விரும்புபவர் மட்டும் கட்டுரைக்குப் போகலாம். விதி உள்ளே, காரணம் வெளியே. நல்ல பிரிப்பு.

அதுவும் போதவில்லை. 2017 டிசம்பரில், அதாவது 19 ஆண்டுகள் கழித்து, அதே பழைய தாக்குதலைச் சற்றே மாற்றி மூன்று ஆய்வாளர்கள் முயன்று பார்த்தார்கள். ‘ரோபாட்’ என்று பெயர் வைத்தார்கள். ஃபேஸ்புக், பேபால் உள்ளிட்ட பெரிய தளங்களே அதில் சிக்கின. விதி எழுதியிருந்தும், அது நுணுக்கமானதாக இருந்ததால் செய்தவர்கள் தவறவிட்டார்கள்.

டிஎல்எஸ் 1.3 மூன்றாவது வழியை எடுத்தது. அந்த வகைச் சாவிப் பரிமாற்றத்தையே நெறிமுறையிலிருந்து நீக்கிவிட்டது. இப்போது அந்த எச்சரிக்கையைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. வழுக்கும் படிக்கட்டில் பலகை மாட்டுவதை விட்டுவிட்டுப் படிக்கட்டையே மாற்றியது மாதிரி.

ஆக, வரிசை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில், ஆபத்தான பகுதியை எடுத்துவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், தேவையான இரண்டு வரிகளை ஆவணத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். அதுவும் முடியாத அளவுக்கு விஷயம் பெரியது என்றால்தான், வெளியே கைகாட்டிக் கட்டாயம் படி என்று சொல்ல வேண்டும். ஆர்வத்துக்கும் வரலாற்றுக்கும் காரணத்துக்கும் தகவல் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலும் மட்டமானதல்ல. நான் கற்றதில் பாதி அதிலிருந்துதான்.

எங்கள் மருந்து அலமாரி விஷயத்திலும் கடைசியில் நடந்தது ஏறக்குறைய இதுவே. கூட்டமைப்புக்கு எழுதினோம். 6979-ஐக் கட்டாயமாக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்தார்கள். நல்ல தரமான ரேண்டம் எண் உருவாக்கும் சில்லுகள் இருக்கின்றன, அவற்றை வைத்திருப்பவரை ஏன் வற்புறுத்த வேண்டும் என்றார்கள். எண் ஒரே மாதிரி கணக்கிடப்படும்போது, மின்னழுத்தத்தைத் திடீரென்று மாற்றிக் கருவியைத் தடுமாறவைத்துச் சாவியைத் திருடும் வழிகள் உண்டு என்றும் சுட்டிக்காட்டினார்கள். இரண்டும் உண்மையான வாதங்கள். ஐந்து மாத இழுபறிக்குப் பிறகு ஆவணத்தின் உடலில் ஒரு பத்தி சேர்ந்தது. அந்த எண் ஒருபோதும் திரும்ப வரக்கூடாது, அதற்கு இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று அது சொன்னது. இரண்டில் ஒன்று 6979. அதனால் அது கட்டாயப் பட்டியலுக்கு ஏறியது. அலமாரிகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. முதியோர் இல்லத்தின் நிர்வாகி எங்களைக் கடிந்துகொண்டார். அவருக்கு மேற்கோள் பட்டியலைப் பற்றி விளக்க அண்ணன் முயலவில்லை.

கையால் மறைத்துப் பாருங்கள்

இளையர்கள் யாராவது இதைப் படித்தால், நான் வேலையில் பின்பற்றும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். வரைவைத் தாளில் அச்சிட்டுக்கொள்வேன். தகவல் மேற்கோள் பட்டியலைக் கையால் மறைத்துக்கொள்வேன். அந்த ஆவணங்கள் உலகத்தில் இல்லவே இல்லை என்று எண்ணிக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்பேன். இதை நான் செய்து முடிக்க முடியுமா? செய்து முடித்ததை ஒரு கள்வன் திறக்க முடியுமா? முதல் கேள்விக்கு முடியாது என்றாலோ, இரண்டாவதுக்கு முடியும் என்றாலோ, கைக்கு அடியில் ஏதோ ஒன்று தவறான இடத்தில் இருக்கிறது. பலரும் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தச் சோதனைக்குப் பூட்டும் நெறிமுறையும்தான் வேண்டும் என்பதில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கையேடு எழுதுபவர், ஆய்வுக்கூடப் பாதுகாப்பு விதி எழுதும் ஆசிரியர், அப்பாவின் மருந்துகளைப் பற்றிப் பணிப்பெண்ணுக்குக் குறிப்பு எழுதி வைக்கும் மகள், எல்லாருக்கும் இதே பொறுப்பு இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது ஒருவர் அதைப் படிப்பார். எதை விட்டுவிடலாம் என்பதை உங்கள் எழுத்திலிருந்துதான் அவர் தெரிந்துகொள்வார்.

இன்னொன்றும் இளையர்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த விதிகளை எழுதும் அவையில் சேரச் சந்தாவும் வேண்டாம், பதவியும் வேண்டாம். வரைவுகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. யாரும் படிக்கலாம், யாரும் கருத்து எழுதலாம். வாக்கெடுப்புக்கூடக் கிடையாது. கூட்டத்தில் ஆதரவு எந்தப் பக்கம் என்று அறிய, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று முனகச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த அமைப்பின் 100-ஆவது கூட்டம் 2017 நவம்பரில் நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. 2019 நவம்பரில் மறுபடியும் இங்கே வந்தார்கள். பார்வையாளனாகப் போயிருந்த நானும் ஒரு முறை முனகினேன்.

இப்போது அங்கே புதிய வேலை நடக்கிறது. எதிர்காலக் குவாண்டம் கணினிகளால் உடைக்க முடியாத பூட்டுகளுக்கான முறைகளை அமெரிக்கத் தரநிலைக் கழகம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றை டிஎல்எஸ் போன்ற நெறிமுறைகளில் எப்படிச் சேர்ப்பது என்று வரைவுகள் எழுதப்பட்டுவருகின்றன. ஒவ்வொரு வரைவின் கடைசியிலும் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. இப்போது தொடக்கநிலையில் படிக்கும் நம் பிள்ளைகள் வேலைக்குப் போய், தங்கள் சம்பளத்தை எந்தப் பூட்டுக்குள் வைப்பார்கள் என்பது அந்தப் பட்டியல்களையும் பொறுத்தது. அக்கா மகள் ஒரு வரைவை அச்சிட்டு வைத்திருக்கிறாள். இந்த வாரம் அவளுக்குத் தேர்வு. அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து படிப்பதாக இருக்கிறோம்.